யாரும் உட்காராத கழிப்பறை

விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பெருமையைத்தான் பேசினார்கள். வண்டிக்குள் இருக்கும் கழிப்பறையில் இதுவரை ஒருவர்கூட உட்கார்ந்ததில்லையாம். முதலில் பார்த்த பழைய மோட்டார் ஹோமின், அதாவது வீடு மாதிரி அடுப்பும் கட்டிலும் வைத்த வண்டியின் சொந்தக்காரி அதைச் சொன்னபோது சிரித்து வைத்தேன். இரண்டாவது ஆளும் அதையே சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. அதே அடுப்பில் பன்றிக்கறி வறுத்தவர்கள், அதே கட்டிலில் குறட்டை விட்டவர்கள், கழிப்பறையை மட்டும் விருந்தாளிக்கு எடுத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு வேண்டியதோ அந்தக் கழிப்பறை ஒன்றுதான். என் கணவர் ஓரெஸ்டுக்குக் குடலில் நோய். வந்தால் வந்ததுதான், கொஞ்சமும் பொறுக்காது. கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் சமவெளிச் சாலைகளிலோ அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அறுவடை நாளில் பொழுது சாயும்வரை இயந்திரத்தை விட்டு இறங்காத மனுஷன், இப்போது தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் கதவோரமாக உட்காருகிறார்.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்து மாகாணத்தில் கால்கரி நகரத்தில் இருக்கும் எங்கள் மகள் லரிஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கக் கிளம்பினோம். பாதி வழிகூடப் போகவில்லை. நெடுஞ்சாலையில் சிவப்புக் கூரை போட்ட ஒரு பெட்ரோல் பங்கில் ஓடிப்போய் நின்றால், கழிப்பறைக் கதவில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தது. நடந்தது நடந்துவிட்டது. நான் பின்னி வைத்திருந்த குழந்தைப் போர்வை பின்சீட்டில் கிடக்க, அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து பேத்தியை போனில்தான் பார்க்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன் என்று லரிஸா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். நான் போய்ப் பார்க்கிறபோது பார்க்கிறேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். நோயின் மேல் எனக்கு இருந்த கோபத்தைவிட இந்த வெட்கத்தின் மேல் இருந்த கோபம் பெரிது.

வண்டி வாங்கலாம் என்பது என் யோசனை. ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். எதற்காக வாங்குகிறோம் என்று விற்கிறவரிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்றாவதாகப் பார்த்தது ஸ்விஃப்ட் கரண்ட் என்ற ஊரில், லைல் என்பவருடைய வண்டியை. குளிர் தொடங்கினால் இந்த வண்டியிலேயே மனைவியோடு அரிசோனா வெயிலுக்குப் போய்விடுகிறவர். இப்போது பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார். வெயிலுக்கு வெளியே விரியும் துணிக்கூரையைக் காட்டினார். மேசை கட்டிலாக மாறுவதைக் காட்டினார். நான் கூரை மூலைகளில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரெஸ்ட் நேராகக் கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளேயே நின்றுகொண்டார். இது வேலை செய்யுமா என்று கேட்டார்.

லைலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கவலையே படாதீங்க. பன்னெண்டு வருஷமா இதுல யாரும் உக்காரல. என் பொண்டாட்டி விட்டாத்தானே? எவ்வளவு அவசரம்னாலும் பங்குல நிறுத்துன்னுருவா."

தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்றார் ஓரெஸ்ட். சுத்தம் பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று லைல் நினைத்துவிட்டார். குளிருக்காகத் தொட்டியைக் காலி செய்து வைத்திருப்பதாகவும், சந்தேகமே வேண்டாம், குழந்தைகளைக்கூட விட்டதில்லை என்றும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஓரெஸ்டின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நான் ஓட்டினேன். லைல் என் பக்கத்தில். ஓரெஸ்ட் பின்னால் மேசையருகில். பெரிய வண்டியாக இருந்தாலும் பிடித்த பிடிக்கு வந்தது. மேற்கே கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் ஓரெஸ்டின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பார்க்கிற முகம், வேறு விளக்கம் வேண்டியதில்லை. சாலையில் முன்னும் பின்னும் வெறும் வயல்.

அவர் எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவின் பிடியில் கை வைத்தார். லைல் திரும்பிப் பார்த்து, எங்கே போகிறார் என்று கேட்டார். அந்த நிலையிலும் ஓரெஸ்ட் உள்ளே போகாமல், பிறத்தியார் வண்டியாயிற்றே என்று நின்றார். எனக்கு அழுகை வந்தது.

"லைல், எனக்குக் குடல் சரியில்ல," என்றார். "அடக்க முடியாது. இந்தக் கக்கூஸுக்காகத்தான் வண்டியே பாக்க வந்தேன்."

டாக்டரையும் என்னையும் தவிர யாரிடமும் அவர் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

லைல் ஒரு கணம்தான் விழித்தார். காபிக்காக வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். "இத மொதல்ல ஊத்துங்க. கீழ ஒரு மிதி இருக்கும், மிதிச்சா போவும். போவுமான்னு எனக்கே தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

கதவைத் தானே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காது வலிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தூரத்தில் பங்கின் பலகை தெரிந்ததும் பழக்கத்தில் என் கால் பிரேக்குக்குப் போனது. உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம்.

"நிக்காத டோரீன். போ."

போனேன். அந்தப் பக்கத்தில் எந்தப் பங்கில் சாவி கேட்டு வாங்க வேண்டும், எந்தப் பங்கில் காபி வாங்கினால்தான் விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவற்றில் ஒன்றை நிறுத்தாமல் தாண்டியது அன்றுதான்.

ஓரெஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மிதி கொஞ்சம் இறுக்கம், மற்றபடி நன்றாகப் போகிறது என்றார். லைல் ரேடியோவைக் குறைத்தார்.

"நாளைக்கு வண்டி பாக்க ஒருத்தர் வர்றாரு. இனி அவர்கிட்ட அந்தப் பெருமையப் பேச முடியாது."

"அவர வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றார் ஓரெஸ்ட்.

லைல் சிரித்தார். பிறகு முன்னால் கை காட்டி, அங்கே தெரிகிற பங்கில் வண்டியைத் திருப்ப நல்ல இடம் இருக்கிறது, திருப்பிவிடலாம் என்றார். பார்த்தேன். சிவப்புக் கூரை. அன்று எங்களைத் திருப்பி அனுப்பிய அதே பங்கு. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், என்ன செய்யட்டும் என்று ஓரெஸ்டைக் கேட்டேன்.

"அதத் தாண்டித் திருப்பு," என்றார்.

அடுத்த திருப்பம் ரொம்பத் தூரம் என்றார் லைல். பரவாயில்லை, டீசலுக்கு நான் கொடுத்துவிடுகிறேன் என்றார் ஓரெஸ்ட். சிவப்புக் கூரை வலது பக்கம் வந்தது, கண்ணாடியில் சின்னதானது, போய்விட்டது. பின்னால் அவர் லரிஸாவுக்கு போன் போட்டு, வண்டி கிடைத்துவிட்டது, நாங்களே வருகிறோம் என்று சொல்லிவிட்டு, குழந்தை தூங்குகிறாளா, முழித்திருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.