குளிக்காத கன்றுகள்

அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் கால்களைச் சுற்றிப் பிரேமலா மஞ்சள்தூள் தூவிக்கொண்டிருந்தாள். வட்டம் முடிவதற்குள் தூளைத் தாண்டி ஓர் எறும்பு ஓடியது.

"சாவு வீட்டுல எறும்பு வராமயா இருக்கும்? நல்லாத் தூவு," என்றாள் வாசுகி சித்தி.

வழக்கமாக வரும் எறும்பில்லை இது. வெளிர்மஞ்சள் உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால்கள். வரிசையில் போகத் தெரியாமல், எதையோ தொலைத்ததுபோல் நாலா பக்கமும் பாய்ந்தது. அம்மா இதைக் கிறுக்கு எறும்பு என்பாள். மண்ணோடும் சாமானோடும் ஊர்விட்டு ஊர் வந்தது. காட்டுக்குள் குடியேறிவிட்டால் மற்ற எறும்புகளைத் துரத்தும், புழு பூச்சிகளைத் தின்று தீர்க்கும். "காடு நிக்கும்லா, ஆனா பேசாது," என்பாள்.

பிரேமலா எறும்பின் பின்னாலேயே போனாள். கூடம், சமையற்கட்டு, பின்வாசல். மலேசியாவின் குளுவாங்கில் இருந்த அந்த வீட்டின் பின்புறம் முழுக்க அம்மாவின் மெரந்தி மரக் கன்றுகள் கறுப்புப் பைகளில் நின்றன. பெலுமுட் மலையடிவாரக் காட்டில் மரம் வெட்டிய இடங்களில் நடுவதற்காக வளர்த்தவை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிரேமலாவும் அங்கேயே கிடந்தாள். கன்றுகளை யாரும் பார்க்கவில்லை.

ஒரு பையைத் தூக்கினாள். அடியில் வெள்ளை முட்டைகள் குவியலாக இருந்தன. எறும்புகள் அவள் மணிக்கட்டில் ஏறின. அடுத்த பையிலும் அப்படித்தான்.

"என்ன பண்ற?" அண்ணன் மகேஸ்வரன் வந்து நின்றான். சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறவன். நேற்று வந்தான், நாளை கிளம்ப வேண்டும்.

"அண்ணே, இதுங்கள யாருக்கும் குடுக்க முடியாது."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆளுக்கு ஒரு கன்னு, காட்டோரமா நடுங்கன்னு. அம்மா பேரு நிக்கும்."

"பை பூரா எறும்பு. காட்டுக்குள்ள போயிடும்."

"அலமாக்! காட்டுல எறும்பே இல்லியா?"

"இது இல்ல. இன்னும் இல்ல. அம்மா ஒரு பையக்கூட தண்ணில முக்காம அனுப்பமாட்டாங்க. உனக்குத் தெரியாது, நீ எங்க இருந்த?"

அவன் முகம் இறுகியது. "அப்ப எல்லாத்தையும் மண்ணெண்ண ஊத்திக் கொளுத்து. அம்மா வளத்தது ஒண்ணும் மிச்சம் வேணாம்."

வாசலில் பறை அதிர்ந்தது. வண்டி வந்துவிட்டது.

ஆண்கள் அம்மாவைக் கொண்டுபோன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். பிரேமலா வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மண்ணெண்ணெய் டின் பின்வாசலில் இருந்தது. அதைப் பார்க்காமலே கழுவினாள்.

மத்தியானம் ஆண்கள் திரும்பினார்கள். கேட்டருகே நீலத் தோங் பீப்பாய் நிறையத் தண்ணீர். வாசுகி சித்தி அதன் முன் கையை விரித்து நின்றாள். "யாரும் குளிக்காம உள்ள காலு வைக்கக்கூடாது. கனகராஜு மாமா, உங்களத்தான். தலையில முடி இல்லன்னா தண்ணி வேணாமா?"

மாமா முனகிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் அவரைவிட்டுச் சாக்கடைக்கு ஓடுவதைப் பிரேமலா பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று பின்பக்கம் ஓடினாள். இரு கைகளிலும் இரண்டு பைகளோடு திரும்பினாள். இன்னொரு தோங்கில் தண்ணீர் பிடித்து, துணி சோப்பைக் கரைத்தாள்.

"இதுங்களும் குளிக்காம போகக்கூடாது சித்தி."

சித்தி பைகளை எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "கேட்டீங்களா? கன்னுக்கும் தீட்டாம்!"

"இன்னிக்கே எடுத்துட்டுப் போலாமா?" என்றார் மாமா.

"ஒரு முக்குல போகாது மாமா. மிச்சம் இருக்குற முட்ட திரும்பப் பொரிக்கும். மூணு நாளைக்கு ஒருக்கா முக்கணும். பதினாறுக்கு வாங்க, சுத்தமாத் தரேன்."

"ஒத்த ஆளா இத்தனையும் எப்படித் தூக்குவ?"

 பின்புறக் கன்றுகளை அவளும் மனத்துக்குள் தூக்கிப் பார்த்திருந்தாள்.

மகேஸ்வரன் கூட்டத்திலிருந்து வந்தான். மழித்த தலையிலிருந்து ஈரம் சொட்டியது. ஒரு பையை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் அழுத்தினான். குமிழிகள் வந்தன. எறும்புகள் முட்டைகளைக் கவ்வியபடி மேலே வந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மிதந்தன. சித்தி அவற்றைச் சிரட்டையில் அள்ளிக் கொதிநீரில் கொட்டினாள்.

"லீவு எழுதிப் போட்டுக்கலாம்," என்றான் தண்ணீரைப் பார்த்தபடி. "பதினாறு முடியுற வரைக்கும்."

பிரேமலா அடுத்த பையை எடுத்து அவனருகில் குந்தினாள்.

"ரொம்ப அழுத்தாத அண்ணே. வேரு கலையும்."

அவன் பிடியைத் தளர்த்தினான். இரண்டு சிவந்த தளிர்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. மண்ணிலிருந்து கடைசிக் குமிழி வந்து உடைந்த பிறகும் அவன் கை உள்ளேயே இருந்தது.