ஒன்றுமில்லாத நோ

வயல் வரம்பில் நடந்துகொண்டிருந்த அப்புத்துரை சட்டென்று குனிந்து ஒரு கோரைப்புல்லைப் பிடுங்கினார். புல்லின் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. இடது மார்புக்குக் கீழே முள் ஏறியதுபோல ஒரு குத்து. மூச்சை இழுத்தால் முள் இன்னும் ஆழமாக இறங்கும். அரை நிமிடம் குனிந்திருந்தால் வந்த வழியே போய்விடும். பின்னால் பனையோலைக் கடகத்தோடு வந்த மனைவி நேசமலருக்கு அவர் புல் பிடுங்குவதாகவே தெரியவேண்டும். அவசரத்தில் சில நாள் நெற்பயிரும் கையோடு வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் குழாய் வைத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை, விலா இடுக்கில் வந்துபோகிற பிடிப்பு, ஆளைக் கொல்லாது என்று சொல்லியிருந்தார். நேசமலர் நம்பவில்லை. நோகிறது என்றால் எப்படி ஒன்றுமில்லாமல் இருக்கும்? நோ முற்றாக நிற்கும்வரை சோறு தொடுவதில்லை என்று சிவன்கோயிலில் நேர்த்தி வைத்தாள். உருத்திரபுரத்தில் மூன்று ஏக்கர் நெல் விதைக்கிற வீட்டில் அவள் மட்டும் மரவள்ளிக்கிழங்கு தின்றாள். இரண்டு மாதத்தில் வளையல் முழங்கைவரை ஏறியது. கோயில் வீதியில் தலைசுற்றி விழுந்தாள். அன்று பின்னேரமே அப்புத்துரை, நோ நின்று மூன்று கிழமையாகிறது என்றார். சொல்லி முடிக்குமுன் ஒரு குத்து வந்தது. சுருட்டுப் பற்றவைப்பதுபோலத் தலையைக் குனிந்து சமாளித்தார்.

அவள் பொங்கிப் படைத்தாள், சாப்பிட்டாள். கன்னத்தில் சதை திரும்பியது. அவருக்குத்தான் வேறு வினை வந்தது. வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் விவசாயிகள் கூட்டங்களில் அவர் பேச்சு நடுவில் மூச்சடைத்து நிற்பதை ஊர் ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டு, சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டது.

நாலு மாதம் கழித்து, நெல் அவித்த ஒரு காலை. இருவரும் சாக்குத் துண்டால் பிடித்துக் கிடாரத்தை அடுப்பிலிருந்து தூக்கினார்கள். இரண்டடி வைத்ததும் குத்து வந்தது. குனிய வழியில்லை. அவர் அப்படியே நின்றார். கிடாரம் சரிந்து சுடுதண்ணீர் அவள் பாதத்தில் தெறித்தது. அவள் பிடியை விடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குத்துப் போனபிறகு இறக்கி வைத்தார்கள்.

"எத்தினை நாளா?"

"நிண்டதே இல்லை."

"அப்ப நான் சாப்பிட்ட சோறெல்லாம்?" அவள் கோயில் திசையைப் பார்த்தாள். "சாமியையெல்லோ ஏமாத்திப்போட்டன்."

"நீ ஏமாத்தேல்லை. நான்தான் உன்னை ஏமாத்தினனான்." பாதத்தைப் பார்க்கக் குந்தினார். அவள் இழுத்துக்கொண்டாள். "நாலு மாசம் வயிறு முட்டச் சாப்பிட்டனி. நான் செத்தனானோ?"

அவள் நெல்லைப் பாயில் கொட்டிப் பரப்பினாள்.

மத்தியானம் குசினியில் இரண்டு தட்டு வைத்து, அவருடையதில் மட்டும் சோறு போட்டாள். அவர் கை வைக்கவில்லை. உனக்கும் போடு என்றார். அவள் அகப்பையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவருக்குக் குத்து திரும்ப வந்தது. இம்முறை அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவள் நெஞ்சில் தடவ எண்ணெய் எடுக்க ஓடுவாள். காலையில் கையில் கிடாரம் இருந்தது. இப்போது பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை.

குத்து விட்டு அவர் மூச்சு மெல்ல உள்ளே போனது. அவளுடைய வெறும் தட்டுக்கு மேலே சோற்றோடு அகப்பை அப்படியே நின்றது. சோற்றின் ஆவி எழும்பி அவள் முகத்தில் படிந்துகொண்டிருந்தது.