தோணி மரக் கட்டில்

சிலாபத்து மரக்காலைக்குப் போன முத்தலிபு வெறுங்கையோடு திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"தேக்கில ஒரு பலக கூட இல்லையாம். வெட்டுற மரமெல்லாம் பட்டாளத்துக்குத்தானாம். பெர்மிட் இல்லாம ஒரு கம்பும் தரமாட்டாங்களாம். யுத்தம் முடியட்டும். அதுக்குப் பொறகு நிக்காஹ வெச்சுக்குவம்."

"யுத்தம் எப்ப நானா முடியும்?" என்று கேட்டாள் அவருடைய தங்கை உம்மு குல்சூம்.

"அத ஜப்பான்காரன்ட்டப் போய்க் கேளு."

அடுப்பெரியும் குசினியின் கதவுக்குப் பின்னால் முத்தலிபுவின் மகள் ரம்ஸியா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிக்காஹ் அவளுடையது. நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் பதினெட்டு நாள். மாப்பிள்ளை பதுர்தீனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. நிக்காஹ் முடிந்து பத்தாம் நாள் அவன் லொறி ஏற வேண்டும். ஏறினால் இரண்டு வருஷத்துக்கு விடமாட்டார்கள். போன சித்திரையில் குண்டு விழுந்த ஊர் அது. அவனோடு வாழக் கிடைக்கும் அந்தப் பத்து நாளும் தனக்கு வேண்டும் என்று ரம்ஸியா பிடிவாதமாக நினைத்தாள். வாப்பாவிடம் அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

கற்பிட்டியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். அவனுக்கு ஓர் அறை, அந்த அறையில் ஒரு தேக்குக் கட்டில். இது பெண்ணைப் பெற்றவரின் கடமை. கட்டில் இல்லாத அறைக்கு மருமகனை அழைப்பதை முத்தலிபுவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ரம்ஸியாவின் உம்மா இறந்த நாளிலிருந்து அவளை வளர்த்தவள் உம்மு குல்சூம் மாமிதான். பக்கத்து வளவில் இருந்த வீட்டில் தனியாக வசித்தாள். அவள் குசினிக்குள் வந்ததும் ரம்ஸியா மெல்லக் கேட்டாள்.

"மாமி, நம்மட தோணி என்ன மரம்?"

"தேக்கு. கொச்சியில செஞ்சது. ஏன்?"

"நாளைக்குச் சுண்ணாம்புப் போறணைக்காரங்க வந்து அத வெட்டி எடுக்கப் போறாங்களே. தேக்க எரிக்கவா போறாங்க?"

முத்தலிபுவின் பழைய தோணி கடலுக்குள் பாறைப் பாரில் மோதி அடி உடைந்து இரண்டு வருஷமாகக் களப்போரத்து மணலில் கிடந்தது. அதைச் சுண்ணாம்பு சுடும் போறணைக்கு விறகாகக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மாமி கண்ணை அகல விரித்தாள். "அடி புள்ள!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வந்த வழியே திரும்பி நானாவிடம் ஓடினாள்.

"ஒடஞ்ச தோணியிலயா?" முத்தலிபுவின் குரல் வீடெங்கும் கேட்டது. "மருமகன ஒடஞ்ச தோணியில படுக்க வெக்கச் செல்லுறியா? ஊர் சிரிக்கும்."

"அடிதானே ஒடஞ்ச? மேல் பலகையெல்லாம் இரும்பு மாதிரி இரிக்கிது. பதினஞ்சு வருஷம் உப்புத்தண்ணியில ஊறின மரம். கறையான் கிட்டவும் வராது. சிலாபத்தில நீங்க தேடின பச்சப் பலக அடுத்த கோடையில வெடிக்கும்."

"சரி, ஆரு செய்யிற? ஊர்ல இருந்த ஓடாவிமாரெல்லாம் திருகோணமலைக்குப் போயிட்டாங்க. மிச்சம் ஒரே ஒருத்தன்."

தச்சு வேலையும் தோணி வேலையும் தெரிந்த அந்த ஒருத்தன் பதுர்தீன்தான்.

"மாப்பிள்ள, உங்கட கட்டில நீங்களே செஞ்சு தாங்க எண்டு நான் போய்க் கேக்கவா?" என்றார் முத்தலிபு. "அதுக்கு நான் களப்பில குதிச்சிருவன்."

"முழங்கால் தண்ணியில குதிச்சு என்ன செய்யப் போறீங்க? நான் கேக்கிறன். எனக்கு ஒரு கட்டில் வேணும் எண்டு."

மறுநாள் காலையில் பதுர்தீன் அளவுகோலோடு மாமியின் முற்றத்துக்கு வந்தான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தென்னங்கிடுகு வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வேலியின் மறுபக்கத்தில் ரம்ஸியா ஒரு கிடுகின் இடுக்கில் கண்ணை வைத்து நின்றாள். பெண் கேட்டு வந்த நாளிலிருந்து பத்து மாதமாக அவனை இவ்வளவு கிட்டப் பார்க்கவில்லை. ஆள் இன்னும் உயர்ந்துவிட்டது போல இருந்தது.

"எத்தன அடி மாமி?"

"என்ட அளவுக்குப் பாரு மகன்."

பதுர்தீன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "அப்ப அஞ்சடி தாராளம்."

வேலிக்கு அப்பால் ஒரு செருமல் கேட்டது.

"இல்ல, ஆறரை போடு," என்றாள் மாமி அவசரமாக.

"ஆறரையா? மிச்ச எடத்தில என்ன வெக்கப் போறீங்க?"

"நான் கையத் தூக்கிக்கிட்டுப் படுப்பன். உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்ல. அகலம்?"

"ரெண்டு பேருக்கு..." மாமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்கும் பூனைக்கும்."

"பூனையோட நாலரை," என்று பதுர்தீன் சுவரில் கரியால் எழுதினான். முகம் தீர்ப்புச் சொல்லும் ஒரு காதியாரின் முகம் போல இருந்தது. ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. ரம்ஸியா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசியா ஒண்டு மாமி. கட்டில எந்த வாசலால உள்ளுக்கு ஏத்துறது?"

மாமியின் கண் தன்னையறியாமல் நானாவின் வீட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. "இந்த வாசலாலதான். வேற எந்த வாசலால?"

பதுர்தீன் வேலியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது; ஆனால் விளங்கியதாகக் காட்டினால் மாமனாரின் மானம் போய்விடும். ஆகவே மாமியின் வாசலையே அளந்தான். அது இரட்டைக் கதவு வாசல். மாமியின் கணவர் இருந்த காலத்தில் கொப்பரா மூட்டையோடு இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போய் வந்த வாசல்.

அன்றே தோணியைப் பிரித்து, விறகுக்கு வந்த போறணைக்காரர்களுக்கு உடைந்த அடியை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மீன்பிடிகாரர் நிக்கொலஸ் கை கொடுத்தார். கறுத்து, சிப்பி ஒட்டி, பார்க்க அருவருப்பாகக் கிடந்த பலகையில் பதுர்தீன் சீவுளியை ஒரு இழுப்பு இழுத்ததும் உள்ளேயிருந்து தேன் நிறம் வந்தது. "மாதாவே! இதயா போறணையில போட இருந்த?" என்று நிக்கொலஸ் கத்தியது வேலி தாண்டிக் கேட்டது. வேலை முடியும்வரை ரம்ஸியா ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சாக்கில் வேலியோரம் போனாள். அப்படிப் போனதில் மாமி வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை உப்புத் தேவைப்பட்டது.

கடைகளில் ஆணி கிடையாது. பதுர்தீன் பழைய துளைகளையெல்லாம் மரமுளை அடித்து அடைத்தான். கால்களையும் தலைமாட்டையும் முளை இறுக்கியே பொருத்தினான். இனி அதைக் கழற்றுவதென்றால் உடைக்கத்தான் வேண்டும். தோணியின் விலாவாக வளைந்திருந்த மரங்கள் மிஞ்சின. கட்டிலுக்கு உதவாத அந்த வளைவுகளை அவன் நாலு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐந்தாம் நாள் அவை முற்றத்தில் இரண்டு சாய்கதிரைகளாக நின்றன. வெயிலும் மழையும் தோணிக்குப் புதிதில்லை, வெளியிலேயே கிடக்கட்டும் என்றான்.

எட்டிப் பார்க்க வந்த முத்தலிபுவை மாமி அதில் ஒன்றில் பிடித்து உட்காரவைத்தாள். மனிதனின் முதுகுக்கென்றே யாரோ வளைத்தது போல மரம் அவரை ஏந்திக்கொண்டது. அவர் ஏதோ குறை சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதா அறை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு முத்தலிபுவும் நிக்கொலஸும் இன்னும் இரண்டு பேரும் மாமி வீட்டிலிருந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்கள். கட்டில் நின்றது.

நேராகத் தள்ளினார்கள். சரித்தார்கள். தலைகீழாகப் புரட்டினார்கள். முத்தலிபுவின் வீடு பழைய வீடு. ஒற்றைக் கதவு, ஒடுங்கிய வாசல். கட்டிலின் கால் உள்ளே போனால் தலைமாடு நிலையில் முட்டியது.

"வாசல் காணாது முதலாளி. ஒரு சாண் காணாது," என்றார் நிக்கொலஸ்.

"கழட்டு!"

"கழட்ட ஏலாது வாப்பா, முளை அடிச்சிரிக்கி!" உள்ளேயிருந்து ரம்ஸியா கத்தினாள். தனக்கு அது எப்படித் தெரியும் என்பதை யாரும் கேட்காததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

மாமி தலையில் கை வைத்தாள். "நான்தான் நானா. என்ட வாசலக் காட்டினன். வேற எதக் காட்டுற?"

முத்தலிபு வாசற்படியில் குந்திவிட்டார். கட்டில் வெளியில் நிற்க, மருமகனை எந்த அறைக்கு அழைப்பது? "நாளைக்கு வேணாம். செல்லி அனுப்புங்க," என்றார்.

ரம்ஸியாவின் கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து வீட்டை ஒட்டிய ஒழுங்கைப் பாதையின் முனையில் ஜுனைதாவின் குடை தெரிந்தது.

ஜுனைதா வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கட்டிலைப் பார்த்தாள். குந்தியிருந்த சம்பந்தியைப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

"இது ஆர்ட கட்டில்?"

முத்தலிபு எழுந்து நின்றார். பொய் சொல்ல இனி இடமில்லை. "மாப்பிள்ளைக்குத்தான். மரம் என்ட தோணி. செஞ்ச ஆள் உங்கட மகன். அவருக்குத் தெரியாம செய்விச்சம். தப்பு என்ட."

"தெரியாமயா?" ஜுனைதா சிரித்த சிரிப்பில் நிக்கொலஸும் சிரித்துவிட்டார். "ரெண்டு கிழமையா ஊட்டுக்கு வந்து கட்டில் கதையத் தவிர வேற கதை இல்ல. உம்மா, இண்டைக்குத் தலைமாட்டில பூ வெட்டினன் எண்டு செல்லுவான். குல்சூம் ராத்தாட பூனைக்கு எதுக்குடா பூ எண்டு கேட்டன்."

மாமி முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாசல ஒடச்சிருவம்," என்றார் முத்தலிபு வீராப்பாக. "கடப்பாரை எங்க?"

"நிலையில கைய வெச்சா மேல் சுவர் உங்கட தலையில விழும். செஞ்சவனக் கூப்பிடுங்க," என்றாள் ஜுனைதா.

"நிக்காஹுக்கு முந்தி மாப்பிள்ள என்ட வாசப்படிய மிதிக்கிறதா?"

அப்போதுதான் ரம்ஸியா பேசினாள். வாப்பாவிடம் அல்ல, மாமியாரிடமும் அல்ல, சுவரைப் பார்த்துப் பேசினாள். "அறை ஜன்னல் ஒழுங்கைப் பக்கம்தானே இரிக்கிது. அதுக்கு மேல உத்தரம் இரிக்கிது, வெளியில நிண்டே கழட்டலாம். படிய மிதிக்கத் தேவல்ல."

ஜுனைதா, "இந்த ஊட்டில மூள இரிக்கிற ஆள் ஆரெண்டு இப்ப விளங்குது," என்றாள்.

பதுர்தீன் ஓடியே வந்தான். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒழுங்கையில் நின்று ஜன்னலை நூல் வைத்து அளந்தான். இந்தத் தடவை இரண்டு முறை. உளியால் நிலையைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கொத்தினான். ஜன்னல் நிலையோடு சேர்ந்து அசைந்து கையில் வந்தது. கீழே இரண்டு வரிசைக் கல்லையும் பெயர்த்தான். சோளகக் காற்று ஒரே பாய்ச்சலாக அறைக்குள் புகுந்து புதுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது.

கட்டிலைப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளியில் பதுர்தீனும் நிக்கொலஸும் மற்ற இருவரும் தூக்கினார்கள். முத்தலிபு உள்ளே ஓடினார்.

"உள்ளுக்கு ஆள் காணாது!" என்று ஜுனைதா கத்தினாள். "புள்ள, நீ என்னத்தப் பாத்திட்டு நிக்கிற? முன் காலப் புடி!"

ரம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். மரம் வழவழவென்று, வெயிலின் சூட்டோடு இருந்தது. கட்டிலின் மறுமுனையில், பெரிய வெளிச்சத்துக்கு நடுவில், அவன் நின்றான். மூக்கு நுனியில் சுண்ணாம்பு.

"பாரம்," என்றான் அவளைப் பார்த்து. அவன் அவளிடம் பேசிய முதல் சொல் அது. "கைய நசிச்சுக்கொள்ளாதீங்க."

"நான் புடிச்சிட்டன். நீங்க தள்ளுங்க."

"மெதுவாத் தள்ளவா?"

"மெதுவாத் தள்ளினா பொழுதுபட்டு மஃரிபு பாங்கு செல்லிரும். தள்ளுங்க!"

நிக்கொலஸ் ஹூய் என்று கூவினார். தலைமாடு ஒரு விரல் இடைவெளியில் கல்லை உரசாமல் நழுவி உள்ளே வந்தது. நாலு காலும் தரையில் ஊன்றியபோது மாமி கை தட்டினாள். முத்தலிபு மூச்சிரைக்கக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தடவை எழும்பி உட்கார்ந்து பார்த்தார். ஒரு கீச்சுச் சத்தம் கூட இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஜுனைதா. தலைமாட்டுப் பூவை விரலால் தடவினாள். "அறை பாத்தாச்சு. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்ச கையோட வாறம்."

வெளியில் பதுர்தீன் ஜன்னல் நிலையைச் சுவரில் சாய்த்துவைத்துத் தயங்கி நின்றான். "மாமா, இத நான் காலையில வந்து சுவரில பூட்டித் தாறன்."

முத்தலிபு ஓட்டையின் அருகில் வந்தார். முகத்தில் புழுதியும் வியர்வையும் வடிந்தன. மருமகனை அவர் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"நாளைக்கு மாப்பிள்ளைக்கு வேல இல்ல. நாளைக்கு நிக்காஹ். இண்டைக்கு ஒரு பாயக் கட்டி விடுவம்," என்றார். "ஜன்னல நாளையிண்டைக்கு உள்ளுக்கிருந்தே பூட்டுங்க."

ரம்ஸியா பாயை எடுக்கத் திரும்பினாள். பாய் எந்த மூலைக்குப் பறந்தது என்று தேடி எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை ஒழுங்கையில் நின்றவனும் போகவில்லை.