முனீஸ்வரன் மிதித்த தாளம்

கஸ்தூரி அக்கா காலால் மிதிக்கிற அந்தக் கருவியை வாங்கியபோது முனீஸ்வரன் சந்தோஷப்படத்தான் செய்தான். அதுவரை பாட்டு வரிகள் ஓடுகிற டேப்லெட்டில் பக்கம் தள்ளுவது அவன் வேலையாக இருந்தது. அக்காவின் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும். பக்கம் முடியப் போகிற நேரத்தில் அவள் கண்ணைக் காட்டுவாள். இவன் ரிதம் பேடில் ஒரு கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, குச்சி பிடித்த மறு கையின் சுண்டுவிரலால் எட்டி டேபைத் தள்ளுவான். பல சமயம் ரெண்டு பக்கம் சேர்ந்து போய்விடும். அக்கா தெரிந்த வரியையே இன்னொரு தடவை பாடிச் சமாளிப்பாள்.

புதுக் கருவி தட்டையாக, கறுப்பாக, ரெண்டு பொத்தானோடு இருந்தது. வயர் கிடையாது. புளூடூத்தில் டேபோடு சேர்ந்துகொள்ளும். வலது பொத்தானை மிதித்தால் அடுத்த பக்கம், இடது பொத்தானை மிதித்தால் முந்தின பக்கம். ஒரே ஒரு இடைஞ்சல்தான். அது சேர்ந்திருக்கும்போது டேப் அதைத் தட்டச்சுப் பலகை என்று நினைத்துக்கொள்ளும். விரலால் தட்டுகிற எழுத்துகள் திரையில் வராது. பாட்டுப் பேரை அடித்துத் தேட முடியாமல் அக்கா முதல் நாள் திண்டாடினாள். பிறகு பாட்டுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கப் பழகிக்கொண்டாள்.

அவர்கள் குழு என்பது அவர்கள் ரெண்டு பேர்தான். கஸ்தூரி அருப்புக்கோட்டைக்காரி, வீட்டுக்காரர் ஆனந்தகுமார் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். முனீஸ்வரனுக்குத் திருச்சுழி. பகலில் வீடுகளுக்கு வயரிங் வேலை. காதுகுத்து, வளைகாப்பு, கோயில் பொங்கல் என்று யாராவது கூப்பிட்டால் ரெண்டு பேரும் போவார்கள். பெரிய குழுக்களைக் கூப்பிட வசதியில்லாத வீடுகள் இவர்களைத் தேடி வந்தன. அக்கா வீட்டு மாடியில்தான் ஒத்திகை. பேடும் அங்கேதான் இருக்கும். தனியாகப் பாடிப் பழகுவதற்கு என்று அவன் வாசிப்பதை அக்கா டேபில் பதிந்து வைத்துக்கொள்வாள். அவனுக்கும் அது தெரியும்.

ஐப்பசியில் பாலவனத்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. அன்று காலையில் திருச்சுழியில் ஒரு வீட்டில் திடீரென்று மெயின் போர்டு புகைந்துவிட்டது என்று முனீஸ்வரனை இழுத்துக்கொண்டு போனார்கள். அரைகுறையாக விட்டுவிட்டு வரக்கூடிய வேலை இல்லை அது. முடித்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. கரண்டே இல்லாத வீட்டில் சார்ஜ் எங்கே போடுவது? அருப்புக்கோட்டையில் விருதுநகர் பஸ்ஸைப் பிடித்து, பாலவனத்தத்தில் இறங்கி, மண்டபத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான்.

ரோட்டிலேயே பாட்டு கேட்டது. அக்கா குரல். கூடவே பேடு.

யாரையோ ஆள் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் சரணத்துக்குப் போகிற இடத்தில் ஒரு உருட்டல் வந்தது. இடது கையில் தொடங்கி, கொஞ்சம் தாமதித்து, வலது கையில் விழுகிற உருட்டல். அப்படி வாசிக்கிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

மண்டப வாசலில் நின்று மேடையைப் பார்த்தான். ஸ்டாண்டில் பேடு அப்படியே இருந்தது. அதன் பின்னால் யாருமில்லை. அக்கா கீபோர்டு வாசித்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வலது கால் செருப்பில்லாமல் அந்தக் கறுப்புக் கருவியின் மேல் இருந்தது. பாட்டு முடிந்ததும் கால் இடது பொத்தானை அழுத்தியது. முனீஸ்வரனின் தாளம் டக்கென்று நின்றது. பந்தியில் இருந்தவர்கள் இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேர் கை தட்டினார்கள். பேடுக்கு ஆள் இல்லை என்பதை ஒருத்தரும் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அதுதான் அவனுக்கு வலித்தது. வாசிப்பு மோசமாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

அவன் மேடைக்குப் போய்ப் பேடு பின்னால் உட்கார்ந்து மீதிப் பாட்டுகளை வாசித்தான். அக்கா அவனைப் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாள். சாமான்களைக் காரில் ஏற்றும்போதுதான் பேச்சு வந்தது.

"என்னக்கா பண்ணீக?"

"போன் அடிச்சேன், அடிச்சேன், சுவிச் ஆப்னே வந்துச்சு. தாய்மாமன் வந்து, பந்தி ஆரம்பிச்சாச்சு, பாட்டு எங்கன்னு நிக்கிறாரு. என்னத்தப்பா செய்யச் சொல்ற? மாடியில வச்சுப் பதிஞ்சது இருந்துச்சு. பாட்டு வரி ஓடுற ஆப்லயே பாட்டோட சேத்துப் போட்டேன். இடது பொத்தானை அதுக்கு மாத்திக்கிட்டேன். தப்பா?"

"தப்புன்னு சொல்லலக்கா." ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றான். "பழகுறதுக்குத்தானே பதிஞ்சீக. நான் இல்லாத எடத்துல என் கையை வாசிக்க வைக்கிறது என்னமோ மாதிரி இருக்கு. அதெல்லாம் அழிச்சிருங்கக்கா."

கஸ்தூரி ஒன்றும் தர்க்கம் பண்ணவில்லை. டேபை எடுத்தாள். அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள்.

"பாத்துக்க. ஒண்ணும் இல்ல."

அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். வீட்டில் சோலையம்மாளிடம் சொன்னான். அவன் மனைவி எதையும் சுற்றி வளைக்கிறவள் இல்லை.

"அந்தக்கா ஒங்களையா ஏமாத்துச்சு? இல்லாத நேரத்துல ஒங்களை வச்சுத்தான சமாளிச்சுருக்கு."

"அதான் சொல்றேன். நான் இல்லாமலே நான் இருந்துட்டேன்ல."

"அப்படியே வெளங்குது" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ரெண்டு மூன்று நிகழ்ச்சிகள் பழையபடி நடந்தன. அக்கா காலால் பக்கம் மட்டும் தள்ளினாள். இவன் கையால் வாசித்தான். பேச்சு கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அவன் சீக்கிரம் போய்விட்டான். அக்கா கீழே விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மாடியில் அவனும் டேபும் அந்தக் கருவியும்தான். அதைப் பகையாளியைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தான். வயரிங்காரன் கை சும்மா இருக்குமா? டேபில் ஒரு தாள ஆப் இருந்தது. பேடில் நாலு சுற்று வாசித்து அதில் பதிந்தான். திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்தான். பொத்தானை அதற்கு மாற்றிவிட்டு மிதித்துப் பார்த்தான். தாளம் கிளம்பியது. மறுபடி மிதித்தான், நின்றது. மிதித்தான், கிளம்பியது.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ரெண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன.

பதினெட்டு வயதுவரை முனீஸ்வரன் வாசித்தது புல்லாங்குழல். பந்தல்குடியில் ஒரு பஜனைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு சேர்ந்த குழுக்களில் எல்லாம் தாளத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. குழலின் சத்தத்தைக் கீபோர்டே கொடுத்துவிடும். அப்படிப் பேடுக்கு வந்தவன்தான். கஸ்தூரி அக்கா கீபோர்டில் குழல் இடங்களை வாசிக்கும்போது, சுரம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் மூச்சு விடாமல் ஓடும். இவனுக்கு அங்கே மூச்சு முட்டும். சொன்னதில்லை.

அடுத்த ஒத்திகைக்குத் துண்டில் சுற்றி ஒரு குழலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, என் தாளத்தைத் திரும்பப் பதியணும்."

கஸ்தூரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு அழிக்கச் சொன்ன. நான் மெனக்கெட்டு அழிச்சேன்."

"அன்னைக்கு மிதிச்சது நீங்க. இப்ப மிதிக்கப் போறது நானு."

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அப்ப எனக்கு?"

"ஒங்களுது ஒங்களுக்குத்தான். நானும் இதே மாதிரி ஒண்ணு சொல்லிவிட்டுருக்கேன், பார்சல்ல வருது. என் போன்ல தாள ஆப் ஏத்திட்டேன்."

உதடு பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் வாரம் குழலில் காற்றுதான் வந்தது. வீட்டில் சோலையம்மாள், "குக்கர் விசிலு தேவலை" என்றாள். வேலைக்குப் போகிற வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டி முடியாத அறைகளில் உட்கார்ந்து ஊதினான். பூசாத சுவரில் சத்தம் நன்றாகத் திரும்பி வந்தது.

பார்சல் வந்த பிறகு ஒரு புதுக் கூத்து. புளூடூத்தில் ரெண்டு கருவிக்கும் ஒரே பெயர். ஒத்திகையில் அக்கா டேப் அவனுடையதைப் பிடித்துக்கொண்டது. அவன் தாளத்தைத் தொடங்க மிதிப்பான், அங்கே அவள் பாட்டில் பக்கம் ஓடும். "ஏப்பா, என் பாட்டை ஏன் மிதிக்கிற?" என்று அவள் கத்தினாள். பிறகு ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைச் சேர்ப்பது என்று வழி கண்டுபிடித்தார்கள். அவன் அடையாளத்துக்குத் தன்னுடையதில் வயருக்குச் சுற்றுகிற சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினான். கீழே ஒரு ரப்பர் விரிப்பு, மிதிக்கும்போது வழுக்காமல் இருக்க. பல்லவிக்கு ஒரு தாளம், சரணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிந்தான். வலது பொத்தானை மிதித்தால் தாளம் கிளம்பும், மறுபடி மிதித்தால் இன்னொன்றுக்குத் தாண்டும், இடது நிறுத்தும். குழல் இல்லாத பாட்டுகளுக்கு எப்போதும்போலக் கையாலேயே வாசிப்பது என்று முடிவு செய்தார்கள்.

தை மாதம் நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரில் பொங்கல் விழா. சாயங்காலம் நிகழ்ச்சி. நாலு பாட்டு முடிந்ததும் யாரோ முக்கியமானவர் வந்துவிட்டார் என்று பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். அவர் பேசினார், பேசினார், கண்மாய்க்குத் தண்ணீர் வந்த கதையில் இருந்து எல்லாம் பேசினார். அவர் இறங்கியதும் குழல் பாட்டு.

முனீஸ்வரன் குழலை உதட்டில் வைத்து வலது பொத்தானை மிதித்தான். ஒன்றும் வரவில்லை. கருவி ரொம்ப நேரம் சும்மா கிடந்ததால் தூங்கிப்போயிருந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். கீபோர்டில் சும்மா ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே நின்றாள். அவன் மறுபடி மிதித்தான். விளக்கு மினுக்கியது. மூன்றாவது மிதியில் தாளம் கிளம்பியது.

அவசரத்தில் முதல் சுரம் உடைந்தது. வெறும் காற்று. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். முனீஸ்வரன் மூச்சை நிதானமாக இழுத்தான். ரெண்டாவது சுரம் நின்றது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒழுங்காக வந்தது. குழல் முடிகிற இடத்தில், அக்கா சேர்ந்துகொள்ளும் முன், அவன் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சு விட்டான். கீபோர்டில் கிடைக்காத அந்த இடைவெளியில் கூட்டமும் அப்படியே நின்றது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டே பல்லவியை எடுத்தாள். அவன் சரணத் தாளத்துக்கு மிதித்துத் தாண்டினான். கால் தடுமாறவில்லை.

பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர் பால்ச்சாமி மேடை ஓரத்துக்கு வந்தார். எட்டி எட்டிப் பேடுக்குப் பின்னால் பார்த்தார்.

"தம்பி, குழல் நல்லாருக்கு. பேடு வாசிச்சவரு எங்க? அவருக்கும் துண்டு போத்தணும்ல."

"நான்தாண்ணே அதுவும்."

"ரெண்டும் எப்படிய்யா ஒரே ஆளு?"

முனீஸ்வரன் வலது காலைத் தூக்கிக் காட்டினான். பால்ச்சாமி குனிந்து அந்தக் கறுப்புக் கருவியைப் பார்த்தார், அவன் காலைப் பார்த்தார். பிறகு நம்பாத முகத்தோடு ரெண்டு துண்டையும் அவன் தோளிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"ஒண்ணை இங்கிட்டுத் தா, எனக்கு வேர்க்குது" என்றாள் கஸ்தூரி. துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலால் அடுத்த பாட்டின் பக்கத்தைத் திறந்தாள்.