வேலை தொடங்கும் முன் சுவர் உறுதியாக இருந்ததா?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எழுத உட்கார்ந்தது ஓர் அறிக்கை. நாளை பகல் பதினோரு மணிக்குள் அதை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்றரைப் பக்கம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் எழுதப் பயந்துகொண்டுதான் இதைத் தொடங்கியிருக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் எழுதுவதற்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். நான் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் கமலக்கண்ணன். தொழில், இன்சூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. எரிந்தது, இடிந்தது, மூழ்கியது எதுவானாலும் போய்ப் பார்த்து, எப்படி நடந்தது, பாலிசியில் அது அடங்குமா என்று எழுதித் தருகிறவன். புதுச்சேரியில் இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். இன்னமும் பாதி வீடுகளில் நான் போய் நின்றதும் பட்டாவை எடுத்து வந்து நீட்டுகிறார்கள்.

என் அறிக்கைகளில் யாரும் பேசுவதில்லை. "காப்பீடு பெற்றவர் தெரிவித்தார்" என்பதோடு சரி. இந்த முறை ஒருவர் பேசிவிட்டார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

2

முதல் தொடக்கம்:

"செப்டம்பர் கடைசியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, காலை ஆறு நாற்பதுக்கு, முல்லா வீதியை ஒட்டிய சந்தில் ஒரு வீட்டின் பக்கச் சுவர் விழுந்தது."

மாலாவிடம் காட்டினேன். மாலா என் மனைவி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறாள், அதனால் என்னையும் திருத்துகிறாள். "பேப்பர்ல போடற மாதிரி இருக்குங்க. ஆளையே காணோமே" என்றாள்.

இரண்டாம் தொடக்கம்:

"கட்டடம் கட்டும்போது பக்கத்து வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கும் ஈடு தரும் காப்பீடு என்பது நம் ஊரில் பலரும் அறியாத, ஆனால் ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் கட்டாயம்—"

(இங்கே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாம் தொடக்கம்:

"நபீசா தன் வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை."

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

3

நபீசா தன் வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டியைக் குழைத்துக் கொடுத்தது அவர். ஸ்டூல் மேல் ஏறிப் பூசியது அவருடைய கணவர் தாஜுதீன்.* நபீசா முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். அந்த அறையின் பக்கச் சுவர்தான் நம் சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். மேல் மூலையிலிருந்து கீழே இறங்கி வந்த விரிசல் ஒன்று அதன் உள்பக்கத்தில் வெகுகாலமாக இருந்தது.

[* தாஜுதீனுக்கு இந்தக் கதையில் இன்னும் நிறைய இடம் தர நினைத்தேன். அவர் அதிகம் பேசாதவர். பேசாதவர்களை வைத்துக் கதை எழுதுவது எனக்கு இன்னும் பழகவில்லை.]

பக்கத்து மனையில் மூன்று மாடிக்கு ஒரு தங்கும் விடுதி வரப்போகிறது. அதைக் கட்டும் கான்ட்ராக்டர் வெற்றிச்செல்வன், முதலியார்பேட்டைக்காரர். முப்பத்தைந்து வயசுதான் இருக்கும். இதுவரை ஒற்றை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. பயந்து பயந்து எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். பாலிசி எடுத்தார். பக்கத்து வீட்டுக்குச் சேதம் வந்தாலும் ஈடு கிடைக்கும்படி தனியாகப் பணம் கட்டி அதையும் சேர்த்துக்கொண்டார். அதற்குக் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. வேலை தொடங்கும் முன் பக்கத்துக் கட்டடம் உறுதியாக இருந்திருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அதனால் வெற்றிச்செல்வன் வெள்ளிக்கிழமை வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "அக்கா, திங்கக்கெழம உங்க செவுத்த போட்டோ எடுக்க ஆளு வருது. இன்சூரன்ஸுக்கு."

போட்டோ எடுக்க ஆள் வருகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? வீட்டைத் துடைப்போம், தலை வாருவோம். நபீசாவும் அதைத்தான் செய்தார். விரிசலைப் பட்டி வைத்து அடைத்து, வெள்ளையும் அடித்து, காயவும் விட்டார்.

திங்கட்கிழமை பதினெட்டுப் படம் எடுத்தார்கள். அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. நாலாவது படத்தில் நபீசாவும் தாஜுதீனும் சுவரை ஒட்டி, ஸ்டுடியோவில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். நகரச் சொல்லியும் நகரவில்லையாம். பின்னால் சுவர் பளிச்சென்று இருக்கிறது.

அடுத்த வாரம் எட்டடிப் பள்ளம் தோண்டினார்கள். அதற்கடுத்த வாரம் மழை பிடித்தது. நாலாம் நாள் காலையில் சுவர் பள்ளத்துக்குள் போய்விட்டது. நபீசா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். யாருக்கும் அடி இல்லை.

4

நான் முதலில் போனது சுவர் விழுந்த மூன்றாம் நாள். முன்னறைக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. மேல்தளத்தைத் தாங்கிய மர உத்திரங்களின் ஒரு முனை சுவரில்லாமல் தொங்க, அதற்கு அடியில் வெற்றிச்செல்வன் வரிசையாகச் சவுக்கு முட்டுகள் கொடுத்திருந்தார்.

"மேரிலேருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிட்டாங்க சார்" என்றார் தாஜுதீன். (நகராட்சியைச் சொல்கிறார். அவருடைய தகப்பனார் காலத்துப் பிரெஞ்சுப் பேச்சு.) "இந்த ரூம்புல யாரும் இருக்கக் கூடாதாம். பின்னாடி ரெண்டு ரூம்புலதான் கெடக்குறோம்."

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சுவர் எழும்பவில்லையென்றால் அந்தத் தளம் நிற்காது. தளம் போனால் பின்னால் இருக்கும் இரண்டு அறையும் சேர்ந்து போகும். இதைச் சொல்ல சர்வேயர் தேவையில்லை. பார்த்தாலே தெரிகிறது.

டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நபீசா, மழையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "அங்க ஒரு விரிசல் இருந்துச்சு சார். போட்டோல அசிங்கமா தெரியுமேன்னு நாங்கதான் அடச்சிட்டோம். நாலு பேரு பாக்கற போட்டோல்ல?"

டீயைக் கீழே வைத்தேன். விரிசல் இருந்த சுவர் உறுதியான சுவர் இல்லை என்று கம்பெனி சொல்லும். சொன்னால் ஒரு பைசா வராது.

வெளியே வந்து வெற்றிச்செல்வனிடம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா சவுக்கு முட்டு குடுத்துட்டுதான் பள்ளத்துல கை வச்சிருப்பேன். ஒரு நாள் வேல சார் அது. ஒரே நாள்."

5

மாலா இதுவரை படித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மாவ நம்ப முடியல. வீடு போற நேரத்துல இன்சூரன்ஸ்காரர்கிட்ட போய் யாராவது இப்படி உளறுவாங்களா? நீங்களே கதை கட்டுறீங்க."

நியாயமான சந்தேகம். அதனால் நபீசாவை மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தந்திரக்காரியாக்கினேன். விரிசலைப் பற்றி மூச்சு விடவில்லை. கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பிறகு பெயரை, ஊரை எல்லாம் மாற்றி, பாகூர்ப் பக்கத்தில் மூன்று காணி வைத்திருக்கும் தனக்கொடி என்று ஒருவரை உண்டாக்கினேன். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தனக்கொடியும் அதையே சொன்னார். கைவிட்டேன்.

உண்மையில் மாலாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் வேறு. நபீசா உளறவில்லை. கம்பெனியை ஏமாற்றினோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏமாற்று என்று தோன்றினால்தானே மறைக்கத் தோன்றும்?

6

முடிவு ஒன்று. சர்வேயர் அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார். போட்டோவில் சுவர் பளிச்சென்று இருக்கிறது, பணம் வருகிறது, மழைக்கு முன் சுவர் எழும்புகிறது. எல்லாரும் நலம்.

இதை நான் கதையில் மட்டும் அல்ல, நேரிலேயே முயன்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று நபீசாவின் வாக்குமூலத்தை எழுத இரண்டாம் முறை போனேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பட்டி பூசிய இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டேன். கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட் அளவைச் சரிபார்ப்பதுபோல் வரிவரியாக விரல் வைத்து வாசித்தார்.

"பூசுனது வரலியே சார்."

"அது தேவயில்லம்மா."

"தேவயில்லன்னா நான் ஏன் சொல்லப் போறேன்?"

"சார்தான் வேணாங்கறாரே, நபீசா" என்றார் தாஜுதீன்.

"நீங்க சும்மா இருங்க. போட்டோதான் இல்லாத செவுத்தக் காட்டுது. நானும் கையெழுத்துப் போட்டு அதையே சொல்லணுமா? எழுதுங்க சார்."

எழுதினேன். எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. தன் வீட்டைத் தானே இப்படிக் கைகழுவுகிறாரே என்று.

விரிசல் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். மெல்லியதாக இருந்தால் வெறும் பூச்சு விரிசல், சுவருக்கு ஒன்றுமில்லை என்று வாதாடலாம்.

"நகம் போவும், அவ்ளோதான்" என்றார் தாஜுதீன் அவசரமாக.

நபீசா கொஞ்சம் யோசித்தார். "ஒத்த ரூபா காசு போவும் சார்."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். சுவர் இடிந்து மண்ணாகிவிட்டது. இனி யாரும் காசு சொருகிப் பார்க்க முடியாது.

முடிவு இரண்டு. சர்வேயர் "இல்லை" என்று எழுதுகிறார். கம்பெனி கையை விரிக்கிறது. ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, சவுக்கு முட்டுகள் ஒவ்வொன்றாக—

(இதை எழுத எனக்கு மனம் இல்லை.)

முடிவு மூன்று. வெற்றிச்செல்வன் தன் கைக்காசைப் போட்டுச் சுவரைக் கட்டித் தருகிறார். மாலாவுக்கு இது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருக்கும், அவருடைய நிலைமை தெரியாமல் இருந்திருந்தால். "கம்பெனி குடுக்கலன்னா நான் சைட்டப் பூட்டிட்டு ஓட வேண்டியதுதான் சார்" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

7

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நேற்று நடந்ததுதான். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியதோடு நான் கிளம்பிவிடவில்லை.

வெற்றிச்செல்வனும் அப்போது வந்திருந்தார். நபீசா அவரிடம், "கம்பெனிக் கடுதாசி வந்தா எனக்கும் ஒரு ஜெராக்ஸ் குடு தம்பி. என்னா எழுதியிருக்காங்கன்னு படிக்கணும்" என்றார். அவரும் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். நபீசா அந்தச் சவுக்கு முட்டுகளைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஒண்ணு கேக்கவா சார்? நாங்க பூசாம வுட்டிருந்தா, இப்ப குடுத்திருக்கற முட்ட அப்பவே குடுத்திருப்பாங்களா? செவுரு நின்னிருக்குமா?"

தாஜுதீன் சட்டென்று என்னைப் பார்த்தார். அவருக்கும் இதே கேள்விதான், கேட்கப் பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஸ்டூல் மேல் ஏறிப் பூசியது அவர் கை.

"இல்லம்மா" என்றேன். "முட்டு குடுத்திருந்தாலும் வுழுந்துதான் இருக்கும். எட்டடிப் பள்ளம், மூணு நாள் மழை. எந்தச் செவுரு நிக்கும்? நீங்க பூசுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நபீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "பத்து நாளா சோறு எறங்கல சார். நம்ம வூட்ட நாமளே இடிச்சிட்டோமேன்னு" என்று சொல்லிவிட்டு அழுதார். தாஜுதீன் பின்னறைக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது உண்மையா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முட்டு கொடுத்திருந்தால் நின்றிருக்கலாம். எட்டடிப் பள்ளத்துக்கு நல்ல சுவரே விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்த முகத்துக்கு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8

அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும் கேள்வி இதுதான்: வேலை தொடங்கும் முன் சுவர் உறுதியாக இருந்ததா? ஆம் / இல்லை. "தெரியாது" என்று எழுத இடம் விடவில்லை.

நபீசாவிடம் நான் சொன்னது உண்மை என்றால், விரிசலுக்கும் விழுந்ததற்கும் சம்பந்தம் இல்லை. பள்ளமும் மழையும்தான் காரணம். "ஆம்" என்று எழுதி அதற்குக் காரணமும் எழுதலாம். சுவர் எழும்பும். ஆனால் கம்பெனி என்னை நம்பி வேலை கொடுத்திருக்கிறது. ஓர் அம்மா அழுதார் என்பதற்காக அப்படி எழுதுகிறேனா, நிஜமாகவே நம்பி எழுதுகிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் சொன்னது பொய் என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். வீடு போகும். அது மட்டும் இல்லை. அந்த "இல்லை" கம்பெனிக் கடிதமாகி, ஜெராக்ஸாகி, நபீசாவின் கைக்கு வரும். விரிசல் இருந்த சுவர், அதை மறைத்துப் பூசியிருந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பார்.

கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள். சுவரை நீங்கள் பார்த்ததில்லை. நானும் விழுந்த பிறகுதான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

எல்லாம் இல்லை, ஒன்று பாக்கி. இன்று காலை தாஜுதீன் போன் செய்தார். கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்கப்போகிறார் என நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் எடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நேத்து ராத்திரி சாப்ட்டா சார். நல்லாத் தூங்குனா. அதச் சொல்லத்தான் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எழுதுங்கள். ஒரே ஒரு சொல்தான்.