பத்து மணிப் பேருந்தில் ஏறாதவர்கள்

எங்கள் வட்டாரத்தின் மாவட்ட மன்ற உறுப்பினர் மாவு மில் வைத்திருக்கிறார். மூன்று தேர்தல்களாக அவர்தான். எதிர்த்து நிற்பவர்களும் மாவரைக்க அவரிடமே வரவேண்டியிருப்பதால், பிரச்சாரத்தில் அவரைப் பற்றி யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

மில் ஓடும்போதுதான் ஜனங்களுக்குக் குறைகள் ஞாபகத்துக்கு வரும். இரைச்சலை மீறிக் கத்துவார்கள், அவரும் கத்தியே பதில் சொல்வார். மறந்துவிடாமலிருக்க, மாவு படிந்த சுவரில் விரலால் எழுதிவைப்பார். ‘மேற்குத் தெருக் குழாய், காற்று மட்டும் வருது’, ‘பள்ளிக்கூடக் கூரை’, இப்படி. யாராவது கதவைப் படாரென்று திறந்தால் இரண்டு தெருக் குறைகள் பறந்துவிடும். ஒரு வருடம் தெருவிளக்குப் புகார் மொத்தமும் உதிர்ந்து யார் வீட்டு மாவிலோ கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாரம் இருட்டிலும் கண் தெரிந்ததாம். நான் சாப்பிடவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இருபது வருடம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய குரல் அது. மன்றத்தில் அவர் எழுந்தாலே ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள். ஒருமுறை சாக்கடையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும், பக்கத்துக் கட்டடத்தில் திருமணத்தைப் பதிவு செய்ய வந்திருந்த ஜோடி, ‘யோசிச்சுட்டு வர்றோம்’ என்று கிளம்பிவிட்டது.

என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் மூச்சு இழுக்கும். போக ஒரே வழி காலை பத்து மணிப் பேருந்து. அது இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் மகன் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். அதில் அவளுக்கு இஷ்டமில்லை. மருமகளுக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

பேருந்தில் கூட்டம் பிதுங்கும். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போய்வந்த என் தங்கை, ஒருநாள் மில்லுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தாள். உறுப்பினரும் மன்றத்தில் அதையே கத்தினார். ‘இன்னொரு பேருந்து விட முடியுமா என்று பார்க்க, வரும் செவ்வாய்க்கிழமை பயணிகளை எண்ணுவதற்கு ஓர் அதிகாரி வருவார்’ என்று பதில் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் வீடு வீடாகப் போனார்.

“செவ்வாய்க்கிழமை பெரிய ஆபீஸர் நம்ம பஸ்ல வர்றாரு. நம்ம ஊரு மரியாதைய அவருக்குக் காட்டணும், ஆமா!”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை என்றால் ஒன்றுதான் தெரியும்: ஒதுங்கி இடம் விடுவது. ‘நாம ஒரு ஆளு ஏறாட்டி என்ன, மத்தவங்க ஏறட்டும், அவரு நல்லா காலை நீட்டி உக்காந்து வரட்டும்’ என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். தையற்காரர் நூல் வாங்கப் போவதைத் தள்ளிப்போட்டார். என் தங்கைகூடப் பால் வேனில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போனாள். ரோடு இருந்த லட்சணத்தில், நகரம் போய்ச் சேருவதற்குள் பாதிப் பால் வெண்ணெயாகிவிட்டது.

பேருந்துக்கு எங்கும் நிற்கிற வேலையே இல்லை. இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. ‘பயணிகள்: எவருமில்லை. வழிநெடுகப் பொதுமக்கள் பேருந்தைக் கண்டு மகிழ்ச்சியுடன் கையசைத்தனர். அடுத்த மாதம் முதல் இச்சேவையை நிறுத்தலாம்.’

உறுப்பினர் மில்லை நிறுத்திவிட்டுத்தான் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“ஏன் தம்பி,” என்றாள் என் தங்கை, “இன்னொரு பஸ் வாங்கிக் குடுங்கன்னா, இருந்ததையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே.”

“அக்கா, மரியாதை காட்டுங்கன்னுதானே சொன்னேன். ஏறாதீங்கன்னா சொன்னேன்?”

“நீங்க ஏறினீங்களா?”

“நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே போனேங்க்கா. பாதுகாப்புக்கு.”

அவள் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டினாள். அன்றைக்கு மட்டும் எனக்கும் சொல்வதற்குப் பொய் எதுவும் வரவில்லை.

மன்றக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். பார்வையாளர் வரிசையில், எங்கள் ஊர்ச் சந்தை வியாபாரிகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஓர் உறுப்பினருக்கு மூன்று நிமிடம். எங்கள் ஆளிடம் சுவரிலிருந்து நகலெடுத்த நாற்பத்தொரு குறைகள் காகிதத்தில் இருந்தன. அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

சபையே சிரித்தது. நான் வாழ்க்கையில் எத்தனையோ புளுகியிருக்கிறேன், அவையெல்லாம் அப்படியே நம்பப்பட்டன. அவர் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை.

“எங்க பக்கம் ஆபீஸர் வந்தா பஸ் கூரைமேலயே ஏறிடுவாங்க,” என்றார் பக்கத்துத் தொகுதிக்காரர். “உங்க ஊர்ல மட்டும் எப்படிய்யா இவ்வளவு நல்லவங்களாப் பொறந்தாங்க?”

மறுபடி எண்ண வேண்டுமானால் விதிப்படி இரண்டு வருடம் ஆகும் என்றார் போக்குவரத்து அதிகாரி. பிறகு, போனால் போகிறதென்று, “வேணும்னா திங்கள், புதன், வெள்ளி மட்டும் விடலாம்,” என்றார்.

நகரத்தில் திங்கள் சந்தை நாள். வியாபாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டினார்கள். அத்தனையும் ஓட்டு. உறுப்பினர் அவர்களைப் பார்த்தார். பிறகு என் தங்கையைப் பார்த்தார்.

“செவ்வாய், வியாழன், சனி வேணும்,” என்றார்.

“ஏன்?” என்று கேட்டார் மன்றத் தலைவரம்மா.

“ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா.”

அவர் மெதுவாகப் பேசி அந்த மன்றம் கேட்டதே இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து ஊழியர் ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“ஒரே ஒரு ஆளுக்காகவா முழு பஸ்ஸு?”

“ஒரு ஆளுகூட இல்லைன்னுதானேம்மா நிறுத்துறீங்க. இதோ இருக்காங்க ஒரு ஆளு. அறிக்கையில எழுதிக்கச் சொல்லுங்க.”

என் தங்கை எழுந்து நின்றாள்.

“பார்வையாளர் எழுந்து நிக்கக் கூடாது, உக்காருங்க,” என்றார் ஊழியர்.

“உக்காந்துட்டுப் போறதுக்குத்தான்யா பஸ்ஸே கேக்குறேன்,” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

தலைவரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவள் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரிப் புடைத்திருந்த நரம்பு, அவர் இருக்கையிலிருந்தே தெரியும். போக்குவரத்து அதிகாரியைப் பார்த்து, “நாள மாத்துறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?” என்றார். அவர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். கஷ்டம் எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி என்று பதிவானது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டதால் நாற்பத்தொரு குறைகளும் கவிழ்ந்தபடியே ஊர் திரும்பின.

சந்தை வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். ஒன்றரை மாதம், மாவரைக்க ஆறு மைல் தள்ளிப் போனார்கள், அதுவும் நடந்து. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள். உறுப்பினர் அதையும் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்.

முதல் செவ்வாயன்று என் தங்கைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நானும் ஏறினேன். நகரத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. அடுத்து எண்ண வருகிறவர் எந்த நாளில் வருவார், எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் இரண்டு பேராவது இருக்கட்டும் என்றுதான். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் போகிறேன். அவளுக்கு ரத்தம் சுத்தமாகிற நான்கு மணி நேரமும், என் இளமையில் நான் பிடித்த திமிங்கிலத்தைப் பற்றி நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கம் கடல் இல்லையே என்று ஒரு நர்ஸ் கேட்டாள். அப்போது இருந்தது என்றேன்.

போன சனிக்கிழமை பேருந்தில் நல்ல கூட்டம். தையற்காரர் துணி மூட்டையோடு எங்களை நெருக்கிக்கொண்டு நின்றார். என் தங்கை முழங்கையால் என்னை இடித்தாள்.

“அண்ணே, இன்னிக்குத்தான் இவ்வளவு ஆளு இருக்கே. நீ வீட்லயே இருந்திருக்கலாம்ல?”

“இவங்கள நம்ப முடியாது. மரியாதை தெரிஞ்சவங்க,” என்றேன்.