பதினாலு மெகாஹெர்ட்ஸ் முகடு

எனக்குச் சந்தோஷம் வந்தால் கால் தரையில் நிற்காது. அன்று காலையிலிருந்தே நிற்கவில்லை.

என் வேலை இதுதான்: மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கன்வர்ட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்க்காமல், அது மின்கம்பியில் துப்பும் மின் இரைச்சலை மட்டும் அளந்து, "உள்ளே இப்படியொரு இரைச்சல் மூலம் இருக்கிறது" என்று கணக்கில் ஒரு மாடல் கட்டுவது. மாடல் சரியாக அமைந்தால், எந்த ஃபில்டரை மாட்டினால் இரைச்சல் எவ்வளவு குறையும் என்று மாட்டாமலேயே சொல்லிவிடலாம். இரண்டு மாதம் உழைத்திருந்தேன். இன்று மாடல் அளவோடு பொருந்தாவிட்டால் பழையபடி கையேடு எழுதும் பிரிவுக்குத்தான் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார். கையேடு எழுதுவதற்குப் பதில் கல் உடைக்கப் போகலாம்.

அளப்பவள் என் சொந்த அக்கா. கணக்கை நம்பவே மாட்டாள். கருவி காட்டினால்தான் நம்புவாள். ஃபில்டர் மாட்டினால் இரைச்சல் எப்படி ஏறி இறங்கும் என்று நான் வரைந்து கொடுத்த கோட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"பதினாலு மெகாஹெர்ட்ஸ்ல முகடா? அங்க கத்துற மாதிரி இதுல ஒரு பாகமும் இல்லடி. உன் மாடலுக்குக் காய்ச்சல்."

"அளந்துட்டுப் பேசுக்கா."

தலைவர் தேநீரோடு வந்து உட்கார்ந்ததும், புது ஃபில்டரை மாட்டி அக்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் புதுக் கோடு ஏறி இறங்கி, நான் முன்பே வரைந்து கொடுத்த கோட்டின் மேலேயே ஓடியது. பதினாலில் சொல்லிவைத்தாற்போல் ஒரு முகடு! நான் கத்தினேன். தலைவர் கைதட்டினார். வாய் பிளந்து நின்ற அக்காவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சுற்றிய வேகத்தில் முழங்கை சுவிட்சில் பட்டு, கன்வர்ட்டர் அணைந்துவிட்டது.

திரையில் எல்லாம் படுத்துவிட்டது. பதினாலு மட்டும் அசையாமல் நின்றது.

தலைவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயத் திறக்காத, சுவிட்சப் போட்டுடறேன்," என்று அக்கா பல்லைக் கடித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது.

"சார், அந்த முகடு கன்வர்ட்டரோடது இல்ல. ஆஃப் பண்ணியும் நிக்குது."

மூவரும் மேசைக்கடியில் குனிந்தோம். கன்வர்ட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் அதே பிளக் பலகையில் இன்னொரு குட்டி அடாப்டர். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், தலைவரின் தேநீர்க் கோப்பையைச் சூடாக வைத்திருக்கும் தட்டு! கன்வர்ட்டரைப் போடுவதற்கு முன் அக்கா பின்னணி இரைச்சலை அளந்து "சுத்தம்" என்று எழுதுவது தினமும் எட்டு மணிக்கு. தலைவர் தேநீரோடு வந்து தட்டைப் போடுவது பத்தரைக்கு. அதற்குப் பிறகு அக்கா எனக்கு அளந்து தந்ததெல்லாம் கன்வர்ட்டரும் கோப்பையும் சேர்ந்த கூட்டுக் குடும்பம்.

முதலில் வெடித்துச் சிரித்தது அக்காதான். தலைவர் அடாப்டரைத் தானே பிடுங்கினார். முகடு மறைந்தது.

"வேற எதையும் இந்தப் போர்டுல மாட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினதே நான்தான்," என்றார் மெதுவாக.

"ஆமா சார்," என்றாள் அக்கா, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

"அப்போ என் மாடல்?" என்று கேட்டேன்.

"இங்க இருக்கறதே நமக்குத் தெரியாத ஒண்ணு, ஃபில்டர் போட்டா எவ்வளவு கத்தும்னு உங்க மாடல் சரியாச் சொல்லியிருக்கு. அதை எப்படிம்மா தூக்கிப் போடறது? தட்டு இல்லாம மறுபடி அளந்து திருத்திக் கொண்டு வாங்க. கையேட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஆறிக்கொண்டிருந்த தேநீரோடு அவர் வெளியே போனார். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உன் மாடல் ஒரு தப்பும் பண்ணலடி. பண்ணினதெல்லாம் நாமதான்."